33 பேர் எங்கே? திமோர் லெஸ்தேயில் கூட்டணி ஆட்சி நடக்கும் விதம்

2017 அக்டோபர் 19. திமோர் லெஸ்தேயின் தலைநகர் டிலியில் நாடாளுமன்றம் கூடியிருந்தது. பிரதமர் மாரி அல்காட்டிரி பதவியேற்று ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தன் அரசு என்னென்ன செய்யப்போகிறது என்ற செயல்திட்டத்தை அவர் அவையில் வைத்திருந்தார். அதை நிராகரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் தீர்மானம் கொண்டுவந்தன. எண்ணிப் பார்த்தபோது தீர்மானத்துக்கு ஆதரவாக 35 பேர், எதிராக 30 பேர். செயல்திட்டம் படுத்துவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன்பு நடந்த தேர்தலில் அதிக வாக்கு வாங்கியது அல்காட்டிரியின் ஃப்ரெட்டிலின் கட்சிதான். அதிக இடம் பிடித்ததும் அதுதான். முதலிடத்தில் வந்த கட்சி முதல் பலப்பரீட்சையிலேயே எப்படி மண்ணைக் கவ்வியது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் கூட்டணி ஆட்சி என்றால் என்ன, சின்னக் கட்சிகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு, தேர்தலில் 'வெல்வது' வேறு 'ஆள்வது' வேறு என்று ஏன் சொல்கிறார்கள் என்பதெல்லாம் விளங்கிவிடும். (பெயரைப் பார்த்து நம்மூர் மாரி என்று நினைத்துவிட வேண்டாம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், ஏமன் வம்சாவளியில் வந்த முஸ்லிம் தலைவர் அவர். அதற்காக அவரைப் பிரதமராக்க அந்த நாடு தயங்கியதில்லை.)

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் என்றொரு தீவு இருக்கிறது. அதன் கிழக்குப் பாதிதான் இந்த நாடு. மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல். நூற்றாண்டுக் கணக்கில் போர்ச்சுகல் ஆண்ட பகுதி இது. 1975 நவம்பர் 28 அன்று ஃப்ரெட்டிலின் விடுதலையை அறிவித்தது. ஒன்பதே நாளில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியப் படை டிலிக்குள் இறங்கியது. அடுத்த 24 ஆண்டுகள் ஆக்கிரமிப்பு, காட்டுக்குள் கெரில்லாப் போர், பட்டினி, சாவு. 1999 ஆகஸ்ட் 30 அன்று ஐ.நா. நடத்திய வாக்கெடுப்பில் 78.5 சதவீதம் பேர் தனி நாடு வேண்டும் என்றார்கள். ஐ.நா. நிர்வாகம் இரண்டரை ஆண்டு இருந்து, 2002 மே 20 அன்று ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனது. அதாவது இந்த நாடாளுமன்றத்துக்கு இன்னும் கால் நூற்றாண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை.

65 நாற்காலிகள், ஒரே தொகுதி

திமோர் லெஸ்தே நாடாளுமன்றத்தில் 65 உறுப்பினர்கள். 65-ல் பாதி 32.5, ஆகவே ஆட்சி நடத்த 33 பேர் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இந்த 33-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் நின்று, அவருக்குப் போடுகிறோம். அங்கே அப்படியில்லை. மொத்த நாடும் ஒரே தொகுதி. ஒவ்வொரு கட்சியும் 65 பேர் கொண்ட பட்டியலை வரிசையோடு கொடுத்துவிடும். வாக்காளர் ஆளுக்குப் போடுவதில்லை, கட்சிக்குப் போடுகிறார். கட்சிக்கு 8 இடம் கிடைத்தால் பட்டியலில் முதல் 8 பேர் உள்ளே போவார்கள். வரிசையை மாற்ற வாக்காளருக்கு வழியில்லை. பட்டியலில் மூன்று பேருக்கு ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இடங்களைப் பங்கிடுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டி-ஹோன்ட் முறை என்று பெயர். போர்ச்சுகல் பின்பற்றுகிற முறை. அரசமைப்புச் சட்டத்தின் சாயலைப் போலவே இதுவும் அங்கிருந்து வந்ததுதான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நான்காம் வகுப்பு வகுத்தல்தான். ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். வருகிற ஈவுகளையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். மேலிருந்து முதல் 65 ஈவுகள் எந்தெந்தக் கட்சியுடையவையோ அவற்றுக்கு இடம்.

2017 தேர்தலையே எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஃப்ரெட்டிலின் வாங்கியது 1,68,480 வாக்கு. அடுத்து வந்தது முன்னாள் கெரில்லாத் தலைவர் ஷனானா குஸ்மாவின் சி.என்.ஆர்.டி. கட்சி, 1,67,345 வாக்கு. இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் வெறும் 1,135. மூன்றாவதாக மக்கள் விடுதலைக் கட்சி (பி.எல்.பி.) 60,098, நான்காவதாக ஜனநாயகக் கட்சி (பி.டி.) 55,608, ஐந்தாவதாக குந்தோ 36,547. வகுத்து அடுக்கினால் ஃப்ரெட்டிலினுக்கு 23, சி.என்.ஆர்.டி.க்கு 22, பி.எல்.பி.க்கு 8, பி.டி.க்கு 7, குந்தோவுக்கு 5.

கடைசி நாற்காலி, அதாவது 65-வது, யாருக்குப் போனது என்று பாருங்கள். குந்தோவின் வாக்கை 5-ஆல் வகுத்தால் 7,309. சி.என்.ஆர்.டி.யின் வாக்கை 23-ஆல் வகுத்தால் 7,276. முன்னது பெரியது. அதனால் குந்தோவுக்கு ஐந்தாவது ஆள் கிடைத்தார், சி.என்.ஆர்.டி.யின் 23-வது ஆள் வெளியே நின்றார். அவருக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தால் இரண்டு பெரிய கட்சிகளும் 23-க்கு 23 என்று நின்றிருக்கும்.

இன்னொரு விதியும் உண்டு. குறைந்தபட்ச அளவு வாக்கு வாங்காத கட்சிக்கு ஒரு இடமும் இல்லை. முதலில் அது 3 சதவீதமாக இருந்தது, 2017-ல் 4 ஆக்கினார்கள். அந்தத் தேர்தலில் 21 கட்சிகள் நின்றன. உள்ளே போனது ஐந்து. மீதி 16 கட்சிகளுக்கு விழுந்த சுமார் 14 சதவீத வாக்கு கணக்கிலேயே வரவில்லை. சின்னக் கட்சிகள் தேர்தலுக்கு முன்பே கைகோர்ப்பதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். தனித்தனியாக நின்றால் நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சேர்ந்து ஒரே பட்டியலாக நின்றால் ஆளுக்கொரு நாற்காலியாவது தேறும்.

இப்படி வாக்கு விகிதத்தையே இடமாக மாற்றும் முறையில், ஒரு கட்சி தனியாக 33-ஐத் தொடுவது லேசில் நடக்காது. 2007-லிருந்து 2023 வரை ஐந்து பொதுத்தேர்தல்கள் நடந்தன. ஒன்றில்கூட ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. எனவே அங்கே கூட்டணி என்பது விருப்பப்பட்டுச் செய்துகொள்ளும் ஏற்பாடு என்பதைவிட, வேறு வழியில்லாத ஏற்பாடு என்பதே பொருத்தம்.

ஒரு 'அல்லது' செய்த வேலை

ஆரம்பத்தில் கூட்டணியே தேவைப்படவில்லை. 2001-ல் அரசமைப்பு நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 88 இடத்தில் ஃப்ரெட்டிலின் 55-ஐ அள்ளியது. விடுதலைப் போராட்டத்தின் கட்சி என்ற பெயர் அதற்கு இருந்தது. அந்தச் சபையே புதுத் தேர்தல் இல்லாமல் முதல் நாடாளுமன்றமாக மாறிக்கொண்டது. அல்காட்டிரி பிரதமர் ஆனார். கெரில்லாத் தலைவர் ஷனானா குஸ்மாவ் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர்.

2006-ல் எல்லாம் ஆட்டம் கண்டது. பாரபட்சம் காட்டுகிறார்கள் என்று முறையிட்ட சுமார் 600 ராணுவ வீரர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ராணுவமும் போலீசும் தங்களுக்குள் சுட்டுக்கொண்டன. டிலியில் வீடுகள் எரிந்தன. ஒன்றரை லட்சம் பேர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் தஞ்சம் புகுந்தார்கள். குஸ்மாவ் நெருக்க, அல்காட்டிரி ஜூன் மாதம் பதவி விலகினார். அன்று தொடங்கிய பகை அடுத்து வந்த ஒவ்வொரு கூட்டணிப் பேச்சுவார்த்தையிலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது என்றே சொல்லலாம்.

குஸ்மாவ் 2007-ல் குடியரசுத் தலைவர் பதவியை முடித்துக்கொண்டு, புதுக் கட்சி தொடங்கி நேராகத் தேர்தலில் குதித்தார். கட்சியின் பெயரில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. 1998-ல் எல்லா விடுதலை இயக்கங்களையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த அமைப்பின் சுருக்கப் பெயர் சி.என்.ஆர்.டி.; 1999 வாக்கெடுப்பில் மக்கள் நெஞ்சில் பதிந்த எழுத்துகள் அவை. புதுக் கட்சியின் முழுப்பெயர் வேறு, சுருக்கம் மட்டும் அதே நான்கு எழுத்து. ஃப்ரெட்டிலினுக்கு எரிச்சல் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்த ஊரில் இது புதிதுமில்லை. ஃப்ரெட்டிலின் 1974-ல் முதலில் ஏ.எஸ்.டி.டி. என்ற பெயரில்தான் பிறந்தது. பிறகு பெயரை மாற்றிக்கொண்டது. 1975-ல் முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஃப்ரான்சிஸ்கோ சேவியர் டோ அமரால், 2001-ல் அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்துத் தனிக் கட்சி தொடங்கினார். அங்கே கட்சிப் பெயர் என்பது பூர்வீகச் சொத்து மாதிரி. பங்காளிகள் அத்தனை பேருக்கும் அதில் உரிமை.

2007 ஜூன் 30 தேர்தல் முடிவு இது: ஃப்ரெட்டிலின் 21, சி.என்.ஆர்.டி. 18, ஏ.எஸ்.டி.டி.யும் பி.எஸ்.டி.யும் சேர்ந்த அணி 11, பி.டி. 8, மீதி மூன்று சின்ன அணிகளுக்கு 7. யாரிடமும் 33 இல்லை.

முதலிடம் எங்களுக்கு, பிரதமர் பதவியும் எங்களுக்கு என்றது ஃப்ரெட்டிலின். எங்களிடம் 18-ம் 11-ம் 8-ம் சேர்ந்து 37 பேர் இருக்கிறார்கள் என்றது குஸ்மாவ் தரப்பு. இரு தரப்பும் காட்டியது அரசமைப்புச் சட்டத்தின் ஒரே பிரிவை, 106-வது பிரிவை. பிரதமரை யார் முன்மொழிவது என்று அது சொல்கிறது. போர்ச்சுகீசிய மூலத்தில் உள்ளதன் சாரம்: அதிக வாக்குப் பெற்ற கட்சி, அல்லது நாடாளுமன்றப் பெரும்பான்மை உள்ள கட்சிகளின் கூட்டணி.

அந்த 'அல்லது'வை எப்படிப் படிப்பது? முதலில் பெரிய கட்சியைக் கூப்பிட்டுப் பார்த்து, அது முடியாதென்றால்தான் கூட்டணிக்குப் போக வேண்டுமா? இல்லை, இரண்டில் எதை வேண்டுமானாலும் குடியரசுத் தலைவர் தேர்ந்தெடுக்கலாமா? வரிசை என்று படித்தார்கள் ஃப்ரெட்டிலின்காரர்கள். தேர்வு என்று படித்தார்கள் மற்றவர்கள். சட்டம் எழுதும்போது ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அது எத்தனை கூரைகளைக் கொளுத்தும் என்று அப்போது தெரிவதில்லை.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் ஜோஸே ராமோஸ் ஹோர்ட்டா. அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். எல்லோரும் சேர்ந்த அரசு ஒன்றை அமைக்கலாமே என்று வாரக்கணக்கில் பேசிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆகஸ்ட் 6 அன்று குஸ்மாவை அழைத்தார். 8-ம் தேதி பதவியேற்பு. ஃப்ரெட்டிலின் இதைச் சட்டவிரோத அரசு என்றது. அதன் ஆதரவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கிழக்கு மாவட்டங்களில் வீடுகள் எரிந்தன. ஆனாலும் அந்த 37 பேர் கலையவில்லை. அரசு ஐந்தாண்டை ஓட்டி முடித்தது. குடியரசுத் தலைவர் தப்புச் செய்தாரா? என் கணிப்பில் இல்லை. 21 பேரை வைத்துக்கொண்டு ஃப்ரெட்டிலின் பதவியேற்றிருந்தாலும் செயல்திட்ட வாக்கெடுப்பில் விழுந்திருக்கும். பத்தாண்டு கழித்து அது அப்படியே நடந்தும் காட்டியது.

அதற்கு முன் 2012-ஐ ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். சி.என்.ஆர்.டி. 30, ஃப்ரெட்டிலின் 25, பி.டி. 8, ஃப்ரெட்டிலினிலிருந்து பிரிந்தவர்களின் ஃப்ரென்டி முடான்சா 2. குஸ்மாவ் பி.டி.யையும் முடான்சாவையும் சேர்த்து 40 பேரோடு ஆட்சி அமைத்தார். விசேஷம் இதில் இல்லை, 2015 பிப்ரவரியில் இருக்கிறது. குஸ்மாவ் தானாகப் பதவியை விட்டு இறங்கி, எதிர்க்கட்சியான ஃப்ரெட்டிலினைச் சேர்ந்த மருத்துவர் ரூயி மரியா டி அராவுஜோவைப் பிரதமர் ஆக்கினார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற கோடே அழிந்துபோனது. நாட்டில் அமைதி, பட்ஜெட்டுகளுக்கு ஏகமனதான ஆதரவு. தட்டிக் கேட்க அவையில் ஆளில்லை என்பது அதன் மறுபக்கம். அந்தக் குறையைச் சொன்னவர் அவைக்கு வெளியே இருந்தார்: அப்போதைய குடியரசுத் தலைவர் தவுர் மத்தான் ருவாக். முன்னாள் கெரில்லாத் தளபதி. பெயரே போராட்டக் காலப் புனைபெயர், 'இரண்டு கூர்விழிகள்' என்று பொருள். 2016-ம் ஆண்டு பட்ஜெட்டைத் திருப்பி அனுப்பினார். குஸ்மாவும் அல்காட்டிரியும் தங்கள் சுற்றத்தாருக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று நாடாளுமன்றத்திலேயே நின்று சாடினார். பதவி முடிந்ததும் பி.எல்.பி.யின் தலைவராகத் தேர்தலில் நின்றார். அவரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

ஆறு மாதக் கடிகாரம்

இப்போது 2017-க்கு வருவோம். ஃப்ரெட்டிலினிடம் 23. பி.டி.யின் 7 சேர்ந்தால் 30. குந்தோவின் 5-ம் சேர்ந்தால் 35, வேலை முடிந்தது. தற்காப்புக் கலைக் குழுக்களில் இருக்கும் இளைஞர்களிடையே செல்வாக்குள்ள கட்சி குந்தோ. அதுவரை அவைக்குள் வராத புதுமுகம். பேச்சுவார்த்தை ஓடியது, எல்லாம் கூடி வந்த மாதிரி இருந்தது. கடைசி நேரத்தில் குந்தோ கையை விரித்துவிட்டது. அல்காட்டிரி 30 பேரோடு சிறுபான்மை அரசை அமைத்தார்.

சிறுபான்மை அரசு என்றாலே சட்டவிரோதம் என்று நினைக்க வேண்டாம். எதிரே இருப்பவர்கள் ஒன்றுசேராத வரை அது ஓடும். சி.என்.ஆர்.டி. தொடக்கத்தில் நாங்கள் எதிர்க்கட்சியாக இருந்துகொள்கிறோம் என்றே சொன்னது. குஸ்மாவைச் சாடிய ருவாக்கின் பி.எல்.பி.யும் குஸ்மாவின் கட்சியும் ஒரே பக்கம் உட்காரும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? உட்கார்ந்தார்கள். 22, 8, 5: கூட்டினால் 35. அக்டோபர் 19 வாக்கெடுப்பில் விழுந்த அதே 35.

ஆனால் அரசு அன்றே கவிழவில்லை. அரசமைப்புச் சட்டப்படி செயல்திட்டம் தொடர்ந்து இரண்டு முறை நிராகரிக்கப்பட்டால்தான் அரசு போகும். இரண்டாம் முறை கொண்டுவந்தால் விழுவது உறுதி. எனவே அல்காட்டிரி கொண்டுவருவதையே இழுத்தடித்தார். எதிரணி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கையில் எடுத்தது. சரி, நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு மறுபடி மக்களிடம் போகலாம் என்றால், தேர்தல் நடந்து ஆறு மாதத்துக்குள் கலைக்கக் கூடாது என்று இன்னொரு விதி தடுத்தது. தேர்தல் நடந்த நாள் ஜூலை 22. ஆறு மாதம் முடிவது ஜனவரி 22. நான்கு நாள் விட்டு, 2018 ஜனவரி 26 அன்று, ஃப்ரெட்டிலினைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் லூ ஒலோ அவையைக் கலைத்தார். மூன்று மாதமாக எல்லோரும் காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

இடையில் நாடு எப்படி ஓடியது? பட்ஜெட் நிறைவேறாவிட்டால் போன ஆண்டு பட்ஜெட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் செலவழித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு இருக்கிறது. பழைய சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்துவது மாதிரி. வாடகையும் அரிசியும் சமாளித்துவிடலாம், புது வீடு கட்ட முடியாது. சாலை, குடிநீர் என்று புதுத் திட்டம் எதையும் தொட முடியாது. அரசு வருமானத்தில் பெரும்பகுதி கடலடி எண்ணெய், எரிவாயுப் பணத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பெட்ரோலிய நிதியிலிருந்து வருகிற நாடு அது. அரசு செலவழிப்பதை நிறுத்தினால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் வராது, அவரிடம் வேலை செய்பவருக்குக் கூலி வராது, தெருமுனைக் கடையில் வியாபாரம் நடக்காது. கூட்டணிக் கணக்கு என்பது அவைக்குள் நடக்கும் விளையாட்டு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

தேர்தலுக்கு முன்பே தாலி கட்டியவர்கள்

கூட்டணியில் இரண்டு வகை. தேர்தல் முடிந்து, கையில் எத்தனை பேர் என்று தெரிந்த பிறகு சேர்வது ஒன்று. 2007-ல் நடந்தது அது. தேர்தலுக்கு முன்பே ஒரே பட்டியலாகச் சேர்ந்து வாக்குக் கேட்பது இன்னொன்று. 2018 மே 12 தேர்தலில் சி.என்.ஆர்.டி., பி.எல்.பி., குந்தோ மூன்றும் இப்படிச் சேர்ந்து நின்றன. கூட்டணிக்கு வைத்த சுருக்கப் பெயர் ஏ.எம்.பி. 2007 கூட்டணியின் சுருக்கமும் அதே ஏ.எம்.பி.தான், விரிவு மட்டும் வேறு. (பூர்வீகச் சொத்து என்று சொன்னேன் அல்லவா.)

இரண்டாவது வகையில் ஒரு நேர்மை இருக்கிறது: யாருக்குப் போட்டால் யார் யார் சேர்ந்து ஆள்வார்கள் என்று வாக்காளருக்கு முன்கூட்டியே தெரியும். 49.6 சதவீத வாக்கும் 34 இடமும் கிடைத்தன. வாக்கில் பாதியைத் தொடாவிட்டாலும் இடத்தில் 33-ஐத் தாண்டிவிட்டார்கள். ருவாக் பிரதமர் ஆனார். 34 பேரில் 21 பேர் குஸ்மாவின் கட்சி, 8 பேர் பிரதமரின் கட்சி, 5 பேர் குந்தோ. பெரிய கட்சித் தலைவர் வெளியே, சின்னக் கட்சித் தலைவர் பிரதமர் நாற்காலியில்.

முன்கூட்டியே சேர்ந்தவர்கள் நீடித்து நிற்பார்கள் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. அமைச்சர் பட்டியலில் சி.என்.ஆர்.டி. கொடுத்த பலரை, அவர்கள்மீது ஊழல் புகார் இருக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி, குடியரசுத் தலைவர் லூ ஒலோ நியமிக்க மறுத்துவிட்டார். இது அரைக் குடியரசுத் தலைவர் முறை என்று சொல்லப்படும் அமைப்பின் சிக்கல். பிரதமர் நாடாளுமன்றத்தை நம்பி இருக்கிறார், குடியரசுத் தலைவரோ மக்களிடம் நேரடியாக வாக்கு வாங்கி வந்தவர். அவர் ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. பட்ஜெட்டைத் திருப்பலாம், நியமனத்தைத் தடுக்கலாம், நேரம் வரும்போது அவையைக் கலைக்கலாம். அவர் ஒரு கட்சி, அரசு இன்னொரு கட்சி என்றால் இழுபறிதான். அந்த அமைச்சர் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. பிரதமர் இதற்காகப் போதுமான அளவு சண்டை போடவில்லை என்று சி.என்.ஆர்.டி. பொருமியது.

பொருமல் 2020 ஜனவரியில் வெடித்தது. ருவாக் அரசின் பட்ஜெட் வாக்கெடுப்புக்கு வந்தபோது, கூட்டணியின் பெரிய கட்சியான சி.என்.ஆர்.டி.யே வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. பட்ஜெட் தோற்றது. அடுத்து குஸ்மாவ் ஆறு கட்சிகளை வளைத்துப் பிடித்துப் புதுக் கூட்டணி கட்டினார்: தன்னுடைய 21, பி.டி. 5, குந்தோ 5, ஆளுக்கு ஒரே ஒருவர் வைத்திருந்த மூன்று கட்சிகளின் 3. ஆக 34. பிரதமர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். குடியரசுத் தலைவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதற்குள் கொரோனா வந்தது, நெருக்கடி நிலை வந்தது. ஏப்ரலில் பிரதமர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இப்போது கவனியுங்கள், குந்தோவின் 5 பேர் மறுபடி நகர்ந்தார்கள். ருவாக் பக்கமே திரும்பினார்கள். எதிர்க்கட்சியாக இருந்த ஃப்ரெட்டிலின் 23 பேரோடு வந்து சேர்ந்தது. 23, 8, 5: ஆக 36. பி.டி.யும் வந்துவிட, 41. அதே பிரதமர், அதே நாடாளுமன்றம், இடையில் ஒரு தேர்தல்கூட இல்லை. ஆனால் ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ஆனது, எதிர்க்கட்சி ஆளுங்கட்சி ஆனது. மே மாதம் சி.என்.ஆர்.டி.யைச் சேர்ந்த அவைத்தலைவரை மாற்ற முயன்றபோது உறுப்பினர்கள் தள்ளுமுள்ளில் இறங்க, அவையில் மேசை கவிழ்ந்தது. அவைத்தலைவர் நாற்காலி ஃப்ரெட்டிலினிடம் போனது.

குந்தோவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள். இரண்டு பெரிய கட்சிகளும் இருபதைச் சுற்றி நிற்கின்றன, 2017-க்குப் பிறகு ஒன்றோடொன்று சேரவும் இல்லை. அப்படியானால் 33-ஐத் தொட நடுவில் இருப்பவர்கள்தான் வேண்டும். 5 பேர் வைத்திருப்பவரின் பலம் 65-ல் 5 இல்லை. அவர் இல்லாமல் யாராலும் ஆள முடியாது என்ற நிலைதான் அவருடைய பலம். பி.டி.யை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேர்தலிலும் அது 8 இடத்தைத் தாண்டியதில்லை. ஆனால் 2007-ல் குஸ்மாவோடு, 2012-ல் குஸ்மாவோடு, 2017-ல் அல்காட்டிரியோடு, 2020-ல் ருவாக்கோடு, 2023-ல் மறுபடி குஸ்மாவோடு. மாப்பிள்ளை யாராக இருந்தாலும் கல்யாண வீட்டில் தவறாமல் இருக்கும் ஒரு மாமா உண்டே, அந்த மாதிரி.

கட்சியா, ஆளா?

இந்தக் கட்சிகளுக்குள் கொள்கை வேறுபாடு என்ன என்று கேட்பவருக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பணத்தைப் பெரிய கட்டுமானங்களில் கொட்டுவதா, பள்ளி, மருத்துவமனை, விவசாயம் என்று செலவிடுவதா என்பதில் வேறுபாடு உண்டு. பி.எல்.பி. பிறந்தபோது பேசியது அதைத்தான். ஆனால் கூட்டணி சேர்வதும் பிரிவதும் அந்தக் கோட்டில் நடக்கவில்லை. மேலே சொன்ன கதையில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களை எண்ணிப் பாருங்கள்: குஸ்மாவ், அல்காட்டிரி, ராமோஸ் ஹோர்ட்டா, ருவாக், லூ ஒலோ. அரை டஜன்கூட இல்லை. '75 தலைமுறை' என்று அங்கே சொல்கிறார்கள். காட்டில் ஒன்றாகத் துப்பாக்கி தூக்கியவர்கள், இல்லாவிட்டால் வெளிநாட்டில் ஒன்றாக அகதியாக இருந்து உலகத்திடம் நியாயம் கேட்டவர்கள். பதவிகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வகித்திருக்கிறார்கள். ராமோஸ் ஹோர்ட்டா ஒரு காலத்தில் பிரதமர், இருமுறை குடியரசுத் தலைவர். குஸ்மாவும் ருவாக்கும் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவர்கள். குஸ்மாவை மக்கள் தேத்துன் மொழியில் 'பெரியண்ணன்' என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன் தம்பிகளுக்குள் வரும் கோபம் எதிரிகளுக்குள் வரும் கோபத்தைவிடக் காரமானது, ஆறுவதும் அதே வேகம். 2006-ல் முறைத்துக்கொண்ட குஸ்மாவும் அல்காட்டிரியும் 2015-ல் ஒரே மேசையில். 2017-ல் மறுபடி எதிரெதிரே.

கடைசியாக 2023 மே 21 தேர்தல். 17 கட்சிகள் நின்றன. சி.என்.ஆர்.டி. 31, ஃப்ரெட்டிலின் 19, பி.டி. 6, குந்தோ 5, பி.எல்.பி. 4. முந்தைய ஆண்டே குஸ்மாவின் ஆதரவோடு ராமோஸ் ஹோர்ட்டா மறுபடி குடியரசுத் தலைவர் ஆகியிருந்ததால் அந்தப் பக்கத் தடை நீங்கியிருந்தது. பிரதமராக இருந்த ருவாக்கின் கட்சி 8-லிருந்து 4-க்குச் சுருங்கியது.

31 பேர் வைத்திருந்த குஸ்மாவுக்கு இன்னும் இரண்டே பேர் தேவை. பி.டி. ஆறு பேரோடு வந்தது. ஆக 37. 2007-ல் அவர் முதல்முறை பிரதமரானபோது கையில் இருந்ததும் அதே 37 பேர்தான். ஜூலை 1 அன்று பதவியேற்றார், வயது 77.